கூட்டப்பட்ட வருஷங்கள்

மாதத்தின் முதல் ஞாயிறு பிறந்தநாள்காரர்களை ஆல்டருக்கு முன்னால் வரச்சொல்லி ஜெபிக்கிறீர்களே, ஐயா, அது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். சின்னப் பிள்ளைகள் விலைச்சீட்டு கிழிக்காத புதுச் சட்டையோடு வந்து நிற்பார்கள். கிழவிகள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பார்கள். போன மாதம் எனக்கு ஐம்பது முடிந்தது. துக்க வீடாகிவிட்டதால் நான் முன்னால் வரவில்லை. அதனால்தான் வருகிற ஞாயிறு சாட்சி சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினால் அது பொய்ச்சாட்சி. முழுவதையும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டு, சபையில் எவ்வளவு சொல்லலாம் என்று கேட்கத்தான் வந்தேன்.

நீங்கள் ராயபுரத்துக்குப் புதிது. என் அண்ணன் தவசிமுத்துவை அடக்கம் செய்தீர்களே தவிர, பழகியிருக்க மாட்டீர்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சாத்தான்குளத்துப் பக்கமிருந்து முதலில் அவர் வந்தார், பிறகு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். காசிமேட்டுக்குப் போகிற சாலையில் எங்கள் கடை. படகுக்காரர்களுக்கு வேண்டிய கயிறு, கப்பி, ஈயக்குண்டு, பெயிண்ட் எல்லாம் கிடைக்கும். அண்ணன் கல்லாவில் உட்கார மாட்டார். கயிற்றுச் சுருள்மேல்தான் உட்காருவார். வருகிறவன் எதிரே நின்றுகொண்டு பேசக்கூடாதாம், அவனும் இன்னொரு சுருள்மேல் உட்கார வேண்டுமாம்.

எனக்கு முப்பத்தைந்து ஆனபோது துருப்பிடித்த கொக்கி ஒன்று உள்ளங்கையில் ஏறியது. நான் அதைச் சட்டை செய்யவில்லை. கை வீங்கி, கட்டி பழுத்து, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. ஊரில் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் அண்ணனிடம் சொன்னது, அரைநினைவில் கிடந்த எனக்கே கேட்டது. அப்போது அண்ணன் என் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது சுவர்ப்புறமாகத் திரும்பித்தானே அழுதான். அவனுக்கும் கட்டிதான். என்னால் திரும்ப முடியாததால் எனக்குப் பதிலாக அண்ணன் திரும்பினார்.

"ஆண்டவரே, எசேக்கியாவுக்குக் குடுத்தத இவனுக்கும் குடும். தாரதுக்கு மனசில்லைன்னா என் ஆயுசுல எடுத்து இவனுக்குக் குடும்" என்றார்.

இந்த வார்த்தைகளை நீங்கள் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஐயா. நான் கேட்கவில்லை. அவராகக் கேட்டது.

நான் பிழைத்தேன். எசேக்கியாவின் ஆயுசோடு ஆண்டவர் கூட்டியது பதினைந்து வருஷம். எனக்கும் அதுதான் என்று தெரிந்துகொண்டேன். தன் முடிவு எந்த வருஷம் என்று தெரிந்தே பிழைத்துக் கிடந்தவன் வேதத்தில் அவன்தான். பிரசங்கம் செய்கிறவர்கள் அவன் சுகமானதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பதினாலாம் வருஷம் அவன் எப்படித் தூங்கினான் என்று யாரும் சொல்வதில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த உபரி வருஷங்களில்தான் அவன் மகன் மனாசே பிறந்தான், எருசலேமை ரத்தத்தால் நிரப்பியவன். அந்தப் பக்கத்தை நான் வேகமாகப் புரட்டிவிடுவேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பெண்ணை விதவையாக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் இருந்தேன். சீனியம்மாள் மதினி பொங்கிப் போட்டார்கள். அவர்களுக்கும் பிள்ளை இல்லை, என்னைத்தான் பிள்ளையாக நடத்தினார்கள்.

ஐம்பது நெருங்க நெருங்க நான் ஜாக்கிரதையாக இருந்தேன். அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வருவதால் வண்டி ஓட்டுவதை விட்டேன். மணலிப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாட்களில் ஜன்னலைத் திறப்பதில்லை. ரத்தம், இருதயம், ஈரல் எல்லாம் சோதித்துப் பார்த்தேன். எதுவும் இல்லை என்றார்கள். எதுவும் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எந்த வழியாக வரும் என்று தெரிந்தால் அந்தக் கதவையாவது அடைக்கலாம். அண்ணன் சிரிப்பார். "ஏலே, ஆண்டவரு என்ன, காலண்டரப் பாத்துக்கிட்டா இருக்காரு?" என்பார். அவருக்கு நெஞ்சில் ஏற்கெனவே ஒரு வலி வந்துபோயிருந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அவருக்குப் பயமே கிடையாது. அது எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும்.

பிறந்தநாள் அன்று நான் கடைக்குப் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அண்ணன் விடவில்லை. கேக் வாங்கி வைத்திருந்தார். கடையில் வேலை செய்கிற இசக்கிப்பாண்டியைக் காலையிலேயே திருவொற்றியூருக்குச் சரக்கு கொடுக்க அனுப்பிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். புழுக்கத்தில் அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு துண்டு வெட்டி ஊட்டினார். மீதியை இசக்கிப்பாண்டிக்கு எடுத்து வைக்கச் சொன்னார்.

பிறகு, "ஒரு மாதிரி வருதுடே" என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "சட்டையில மாத்திர கெடக்கு, எடு."

எல்லோரிடமும் நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும். மாத்திரையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார் என்று. அது ஆணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்காதவர்கள் நம்பக்கூடியது. கையை நீட்டினால் எட்டும். எடுத்தேன். மாத்திரை அட்டை என் கைக்குள் இருந்தது. எதிர்ச்சாரியில் ஆட்டோ ஸ்டாண்டு, மேஜைமேல் என் போன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஐயா. காலையிலிருந்து எங்கள் வீட்டுக்கும் கடைக்கும் சாவின் வருகை இருந்தது. நான் அதை உணர்ந்துகொண்டே இருந்தேன். அது என்னைத் தேடி வந்தது. ஆனால் அவரிடம் போய் நின்றுவிட்டது. ஆபிரகாம் மகன்மேல் கத்தியை ஓங்கியபோது முட்புதரில் கொம்பு சிக்கி ஒரு கடா நின்றதே, அதை நினைத்துப் பாருங்கள். ஈசாக்கு பிழைத்ததற்காக எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். யாராவது அந்தக் கடாவை அவிழ்த்துவிடச் சொன்னார்களா? அவிழ்த்துவிட்டிருந்தால் கத்தி எங்கே இறங்கியிருக்கும்?

நான் போய் ஷட்டரைப் பாதி இறக்கினேன். தெருவில் போகிறவர்கள் கூட்டம் கூடிவிடக்கூடாது என்பதற்காக.

எசேக்கியா பிழைப்பான் என்பதற்கு அடையாளமாக வெயிலின் நிழல் பின்னால் போயிற்று. ஷட்டருக்குக் கீழே விழுந்த வெயிலை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது பின்னால் நகர்ந்தால் மாத்திரையைக் கொடுத்துவிடலாம் என்று ஆண்டவரிடம் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். அது நகரவில்லை. அண்ணனின் கால் விரல்வரை வந்தது. அவர் "தம்பி" என்று இரண்டு தடவை கூப்பிட்டார்.

அந்த நேரத்தில்தான் குப்பம்மா வந்தாள். மீன் கூடைக்காரி, கூடை கட்டக் கயிறு எங்களிடம்தான் வாங்குவாள். ஷட்டருக்கு வெளியே அவள் கால் தெரிந்தது.

"இன்னா நைனா, கடைய சாத்திக்கினு கீற? அண்ணாத்த எங்க?"

"உள்ள கண்ணசந்திருக்காரு. பொறவு வா" என்றேன்.

"இன்னிக்கு ஒனுக்குப் பொறந்த நாளாமே. காலைல எங்க பேட்டை முச்சூடும் சொல்லிக்கினு இருந்தாரு. வாய்க்கு ஒண்ணும் இல்லியா?"

இசக்கிப்பாண்டிக்கு வைத்திருந்ததில் ஒரு துண்டை வெட்டி, குனிந்து, ஷட்டருக்கு அடியில் நீட்டினேன். என் கை ஆடவில்லை. அவள் வாங்கிக்கொண்டு, "நூறு வருசம் நல்லாருப்ப, போ" என்றாள். அவள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். ஆனாலும் ஆண்டவர் பிலேயாமின் கழுதையின் வாயைத் திறந்து பேசவைத்தவர்தானே. நான் கேட்டதற்கு வந்த பதில் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது அண்ணன் சுருளிலிருந்து சரிந்து பெயிண்ட் டப்பாக்கள்மேல் சாய்ந்திருந்தார். சத்தம் போட அவருக்கு மூச்சு இல்லை. கண் மட்டும் என்மேல் இருந்தது. என் கையையும் பார்த்தார், அட்டை இருந்த கையை. நான் எதிரே இன்னொரு சுருள்மேல் உட்கார்ந்தேன். இருபத்துமூன்றாம் சங்கீதம் சொன்னேன். அவர் தனியாக இருக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் அடங்கிய பிறகு ஒரு மாத்திரையைப் பிரித்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். பிறகு ஷட்டரைத் தூக்கி ஆட்டோக்காரர்களைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் அந்த மாத்திரையைப் பார்த்துவிட்டு, உங்களால் முடிந்ததைச் செய்திருக்கிறீர்கள் என்று என் தோளைத் தட்டினார். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டே போயிருக்காவ, எனக்கு அது போதும் கொழுந்தனாரே" என்றார்கள். அது பொய்யில்லையே.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் உட்கார்ந்திருந்த அந்தச் சுருள் விற்கவில்லை. யார் கேட்டாலும் இசக்கிப்பாண்டி வேறொன்றைக் காட்டுகிறான். ராத்திரி பூட்டும்போது நான் அதைத் தட்டி உயர்த்திவிட்டுத்தான் போகிறேன். காலையில் வந்து பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம், ஒருவர் உட்கார்ந்து எழுந்த மாதிரி. கடற்காற்றில் ஈரம் ஏறினால் கயிறு தளரும். ஆனால் மற்றச் சுருள்கள் தளரவில்லை. மதினி வீட்டில் இன்னமும் மறந்துபோய் மூன்று தட்டு வைக்கிறார்கள். நான் எதிரே பார்க்காமல் சாப்பிடுகிறேன். நேற்று, "அவுக இருந்திருந்தா ஒங்களுக்கு இந்த ஞாயித்துக்கெழம பட்டுவேட்டி எடுத்துருப்பாவ" என்றார்கள். பீரோவில் பார்த்தால், அண்ணன் எடுத்தே வைத்திருந்தார்.

எனக்கு இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது, ஐயா. அண்ணனின் மிச்சம் என்னிடம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்டது, கர்த்தர் கொடுத்தது, நடுவில் நான் செய்தது கையை மூடிக்கொண்டிருந்தது மட்டும். கொன்றேன் என்று சொல்ல வேண்டும் என்றால் அதையும் சொல்கிறேன். என் அண்ணனை நான் கொன்றேன். சொல்லிப் பார்த்தால் அப்படி ஒன்றும் கனமான வார்த்தையாக இல்லை.

நீங்கள் எழுந்து கதவுப்பக்கம் போய்விட்டீர்கள். போங்கள், நான் தடுக்கவில்லை. மதினியிடம் சொல்வதானாலும், ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவதானாலும் நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள், ஐயா, அதற்காகத்தான் இவ்வளவும். சங்கீதம் பாதியில் இருந்தபோது அண்ணன் எப்படியோ கையைத் தூக்கி என் முழங்காலில் வைத்தார். என் கைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தபின்பும், சின்ன வயதில் இடி இடிக்கும்போது சொல்கிற அதே குரலில், "பயப்படாதடே, பயப்படாத" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. ராத்திரியில் இப்போதும் கேட்கிறது. அவர் என்னைத் தவறாகப் புரிந்துகொண்டு போய்விட்டார், ஐயா. எனக்குப் பயமே இல்லை.