மணிக்கூண்டின் பதினொரு பெயர்களை மீட்ட வழிகாட்டி அம்மையாருக்கு

இருநூற்றுப் பன்னிரண்டு படிகளை இன்முகத்தோடு ஏறி, எட்டுத் திசையிலிருந்தும் வந்தோர்க்கு மணிக்கூண்டின் வரலாற்றை வாஞ்சையோடு வழங்கிய எங்கள் அக்காவே! அருங்காட்சியகத்தின் அன்புமிகு மூத்த வழிகாட்டியே! முப்பத்து நான்கு ஆண்டுப் பணி முடித்து விடைபெறும் உங்களை வணங்குகிறோம்.

பத்தாண்டுகளுக்கு முன் ஒரு நாள், கூண்டைச் சுற்றிப் பார்த்து இறங்கிய தையற்காரர் ஒருவர் உங்களிடம் கேட்டார்: "இதைக் கட்டும்போது எங்க தாத்தா மேலேருந்து விழுந்து செத்தாராம். அவர் பேரு எங்கயுமே இல்லையேம்மா?"

வாயிற்கல்வெட்டிலோ, 'உயிரிழப்பின்றிக் கட்டி முடிக்கப்பட்டது' என்றிருந்தது! தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நீங்களோ விடுமுறை நாளெல்லாம் மருத்துவமனையின் பழைய இறப்புப் பதிவேடுகளைப் புரட்டினீர்கள். மூன்றாண்டுத் தேடலில் பதினொரு தொழிலாளர் பெயர்கள் கிடைத்தன.

பணியாளர் கூட்டத்தில் அவற்றை நீங்கள் முன்வைத்தபோது அன்றைய இயக்குநர் சீறினார்: "நூறு வருஷக் கல்வெட்டு. தப்புன்னு சொன்னா ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும் சார். செத்தவங்களைச் சாகவே இல்லைன்னு நம்ம கல்லு சொல்லுதே!" என்றீர்கள்.

அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாளே உங்களை அடித்தளக் கிடங்கிற்கு மாற்றினார்கள். ஆறாண்டுகள்! அங்கிருந்தும், எங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்தீர்களே தவிர, ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

அந்தக் கிடங்கின் பெட்டி ஒன்றில்தான், கட்டுமானப் பொறியாளர் தம் கைப்பட எழுதிய கடிதம் உங்களுக்குக் கிட்டியது. அதே பதினொரு பெயர்கள் அதிலும் இருந்தன. புதிய இயக்குநர் படித்தார். மறுபேச்சின்றிப் பித்தளைப் பலகை பதிக்க ஆணையிட்டார். சென்ற ஆண்டு திறப்பன்று, அந்தத் தையற்காரர் தம் தாத்தாவின் பெயரை விரலால் தடவிக்கொண்டே நின்றார். நீங்கள் அருகில் நின்றீர்கள்.

அக்கா, அன்று நாங்கள் காத்த மௌனம் பிழை. அதை இந்த மடலிலேயே எழுதித் தருகிறோம். உங்கள் வீட்டுச் சுவரில் அதுவும் தொங்கட்டும்.

முழங்கால் வலி நீங்கி, முகமலர்ச்சி நீங்காமல், நிறைநலத்தோடு நெடுங்காலம் வாழ்க! நாளை முதல் பதினொரு பெயர்களையும் உரக்கப் படித்த பிறகே பார்வையாளர்களை முதற்படியில் ஏற்றுவோம்.

இங்ஙனம்,
உங்களுக்குக் கடன்பட்ட
மணிக்கூண்டு அருங்காட்சியகப் பணியாளர்கள்