நாய் குறுக்கே வரவில்லை

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், ஆனால் நன்றாக இருக்கிறது சார்.

என் பெயர் ஆரோக்கியராஜ். கால்பந்தில் டிஃபெண்டர், மூன்றாம் டிவிஷன். பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் நடத்தும் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடுகிறேன். வயது முப்பத்தாறு. கோயம்புத்தூர், பாலக்காடு, சென்னை என்று கூப்பிட்ட கிளப்புக்கெல்லாம் போயிருக்கிறேன். எந்த கிளப்பும் இரண்டாவது முறை கூப்பிட்டதில்லை. ஆனால் இதுவரை ஒரு சிவப்பு அட்டைகூட வாங்கியதில்லை. மைதானத்தில் யார் காலையும் நான் தொட மாட்டேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெயபாண்டி போன வருடம் எதிர் கிளப்புக்கு ஃபார்வர்டாக வந்தான். பரமக்குடிப் பக்கத்துப் பையன். முதல் ஆட்டத்திலேயே பந்தை என் இரண்டு கால்களுக்கு நடுவே விட்டு, சுற்றி ஓடிப்போய் கோல் அடித்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே வழியில். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர், "ஏனுங்க, கேட்டைத் தொறந்தே உட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார், மிகவும் மரியாதையாக. என் மனைவி ரோஸ்மேரியும் சிரித்தாள். அவள்மேல் கோபமில்லை. பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

ஃபார்வர்டை விட்டு விலகாமல் இருப்பதுதான் டிஃபெண்டரின் வேலை. மைதானத்தில் அவனோடு ஓட முடியவில்லை. சரி, வெளியே கூடவே இருப்போம் என்று முடிவு செய்தேன். நல்லூரில் தனியாக அறை எடுத்திருந்தான். ஞாயிறுதோறும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். பரோட்டா, ரோஸ்மேரியின் மட்டன் குழம்பு, மேலே பாயசம். உடம்பு கனத்தால் வேகம் குறையும் என்று நினைத்தேன்.

"எங்க வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்குண்ணே" என்று அவன் மறுபடி குழம்பு வாங்கும்போது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கும். எனக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது.

கடைசியில் எடை ஏறியது என்னவோ எனக்குத்தான். அவனுக்குத் தொடை முறுக்கேறி, வேகம் இன்னும் கூடிவிட்டது.

போன மாதம் பெங்களூரில் ஒரு பெரிய கிளப் அவனைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. முதலில் என்னிடம்தான் ஓடி வந்து சொன்னான். "நீங்கதாண்ணே ரயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

அங்கே போய் என்ன ஆவான் என்று யோசித்தேன். பாஷை தெரியாது. மாதக்கணக்கில் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஆள் இருக்காது. பொறுப்புள்ளவன் இதையெல்லாம் யோசிக்க வேண்டும் சார்.

ரயிலுக்கு என் பைக்கில்தான் கூட்டிப்போனேன். வழியில் நாய் குறுக்கே வந்தது என்று உங்களிடம் முதலில் சொன்னேன். இங்கே கம்பெனி வாசலுக்கு வாசல் கேமரா இருப்பதை மறந்துவிட்டேன். நீங்கள் காட்டிய வீடியோவில் நாய் இல்லை. ஹேண்டிலை நான்தான் ஒடித்துத் திருப்பினேன். விழுவது எங்கள் தொழிலில் பாதி. அடிபடாமல் விழ எனக்குத் தெரியும். பின்னால் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனால் அது முடியாது என்பதும் தெரியும். வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் சாய்த்தேன். உயிருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதில்லையா.

வண்டி அவன் வலது முழங்கால் மேல் கிடந்தது. மண்ணில் கிடந்தபடியே, "அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றான். காலை அசைத்தும் பார்த்தான். பெரிய அடி இல்லை, எழுந்துவிடுவான் போலிருந்தது. வண்டியைத் தூக்கும்போது ஒரு முறை அந்தக் கால்மேலேயே விட்டேனே, அது கை நழுவி இல்லை.

இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவனுக்குத் துணையாக நான்தான் இருக்கிறேன். உடம்பு துடைத்து, என் தோளில் கை போடச் சொல்லி நடக்கப் பழக்குகிறேன். இத்தனை வருட ஆட்டத்தில் எந்த ஃபார்வர்டும் இவ்வளவு நேரம் என் பக்கத்திலேயே இருந்ததில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சாயங்காலத்துக்குள் விட்டுவிடுவீர்களா சார்? நர்ஸ் பிடித்தால் அவன் காலை ஊன்றவே பயப்படுகிறான். என்னைத் தவிர வேறு யாரையும் நம்ப மாட்டான்.