நட்சத்திரம் போட்ட கேள்வி

தேர்வு அறையில் மின்விசிறியை மெதுவாகத்தான் சுற்றவிட வேண்டும். விடைத்தாள் பறந்துவிடும் என்பதற்காக இல்லை. வேகமாகச் சுற்றினால் எங்கள் விசிறி கடகடவென்று சத்தம் போடும். பக்கத்தில் எழுதுகிறவனுக்குத் தலைவலி வரும். வேலை முடித்து, குளித்தும் குளிக்காமலும் ஓடிவந்து தேர்வு எழுதுகிறவர்கள் அவர்கள். இப்படிச் சின்ன விஷயத்தைக்கூடப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

விசாரணைக்குக் கூப்பிட்டு நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். தேர்வு முறைப்படி நடந்ததா என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் உங்கள் மேசையில் இருக்கும் அறிக்கையில் "சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம்" என்று இருப்பதை இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே படித்துவிட்டேன். தேர்வுக் கண்காணிப்பாளனுக்குத் தலைகீழாகப் படிப்பது கைவந்த கலை. எப்போதும் எதிரில் உட்கார்ந்தே பழக்கம். அந்த வரி இருக்கக் கூடாது. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராணுவ முகாமின் படிப்பறைக்கு நான் பொறுப்பு. தபால் வழியாகப் படிக்கிற வீரர்களுக்குப் பாடப் புத்தகங்கள் என் மூலமாகத்தான் வரும். படித்து முடித்தேன் என்று அவன் எழுதிக் கொடுத்தால், தலைமையகத்திலிருந்து வினாத்தாள் முத்திரை வைத்த உறையில் என் பெயருக்கு வரும். அதை இரும்பு அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். தேர்வு நாளில் அவன் கண் முன்னால்தான் முத்திரையை உடைக்க வேண்டும். எழுதி முடித்ததும் அவன் கண் முன்னாலேயே விடைத்தாளைப் புது உறையில் போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தின் மேல் அவன் குறுக்காகக் கையெழுத்துப் போடுவான். அதற்குப் பிறகு அந்த உறை தலைமையகத்தில்தான் திறக்கப்படும். இத்தனை வருடத்தில் என் உறை எதையும் சந்தேகத்தின் பேரில் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள்.

செத்துப்போனவன் என் தங்கச்சி வீட்டுக்காரன். இது உங்களுக்குத் தெரியாது என்பது நீங்கள் நிமிர்ந்து பார்த்ததிலிருந்தே தெரிகிறது. உறவுக்காரர் கண்காணிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் நான் கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழியில் "ரத்த உறவினரா?" என்றுதான் கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

அவன் பண்டகசாலையில் வேலை பார்த்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம் என்பதால் மாப்பிள்ளை ஆன பிறகும் வா, போ என்றுதான் பேசுவேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையுமே பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. அவன் வாய் ஓயாது. கம்பளி எண்ணிக் கொடுக்கும்போதுகூட வருகிறவனிடம் குடும்பக் கதை கேட்டுக்கொண்டிருப்பான். முகாமில் அவனைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. எனக்கும் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா அம்மா போன பிறகு தங்கச்சியை நான்தான் வளர்த்தேன். அவளுக்காகவே கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஊரில் சொல்வார்கள், நான் மறுத்ததில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகியும் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருதான். தினமும் போய்வந்துகொண்டு இருப்பாள். என் சட்டைக்குப் பொத்தான் தைப்பதுகூட அவள்தான். அப்படியே காலம் போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பேச்சுவாக்கில் சொன்னான். "மச்சான், இந்தக் கண்ணிவெடி எடுக்கற படிப்பு பாஸானா களத்துக்குப் போறேன். ஊத்திக்கிச்சுன்னா திரும்பவெல்லாம் எழுதப்போறதில்ல. பட்டாளத்துல பேரை வெட்டிக்கிட்டு எங்க ஊருக்கே போயிடலாம்னு இருக்கோம். அண்ணன் சைக்கிள் கடை வச்சிருக்கார், கூட இருந்து பார்த்துக்கலாம்."

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டு, "ஆமாண்ணா. இவருக்கு அங்கதான் மனசு. எனக்கும் சரின்னுதான் தோணுது" என்றாள்.

அவனுடைய ஊர் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். சவப்பெட்டி அங்கேதானே போனது. வருடத்துக்கு ஒரு தடவை முகம் பார்த்தால் அதிகம். களத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அவள் என் வீட்டுக்கு வந்து இருப்பாள். நான் கணக்குப் போட்டேன் என்று நினைக்க வேண்டாம். உட்கார்ந்திருந்தபோது தானாகவே மனசில் ஓடியது, அவ்வளவுதான்.

அந்தப் படிப்பின் வினாத்தாளில் சில கேள்விகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கும். உயிர்க் கேள்வி என்று பையன்கள் சொல்வார்கள். மற்றதில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும், நட்சத்திரக் கேள்வி ஒன்று தப்பினாலும் தேர்ச்சி கிடையாது. தேறாதவனுக்குத் தலைமையகத்திலிருந்து ஒரு சீட்டு வரும். எந்தப் பாடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டாய், எதைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கும். தேறியவனுக்கு ஒரு வரி வாழ்த்து மட்டும். எது சரி, எது தப்பு என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. விடைத்தாளும் திரும்பி வராது. நல்ல முறைதான். தேறியவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

தேர்வு அன்று அவன் தலையை வழித்துச் சீவி, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவன் மாதிரி வந்து உட்கார்ந்தான். "மச்சான் கைராசிக்காரர். உங்க முன்னால எழுதினா பாஸுன்னு எல்லாரும் சொல்றானுங்க" என்றான். பேசக் கூடாது என்று சொல்லி முத்திரையை உடைத்துக் கொடுத்தேன். நன்றாகவே எழுதினான். சரியான விடைக்குரிய வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு, கோலப்பொடி சிந்தாமல் போடுகிறவள் போல நிதானமாக நிரப்பினான். நேரம் முடிவதற்கு முன்பே முடித்துவிட்டான்.

உறையை ஒட்டப் பசை தேடினேன். இழுப்பறையில்தான் இருந்தது. காணோமே என்றேன்.

"நீங்க அப்புறமா ஒட்டிக்குங்க மச்சான். பசி உயிர் போகுது, வீட்ல காத்துக்கிட்டு இருப்பா" என்று சொல்லிவிட்டு, ஒட்டாமல் மடித்து மட்டும் வைத்திருந்த மூடியின் மேல் குறுக்காகக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனான். வேறு யாராக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். வேறு யாரும் அப்படிப் போட்டிருக்கவும் மாட்டார்கள்.

அந்தப் பாடப் புத்தகம் என் அலமாரியில் வருடக்கணக்காகக் கிடக்கிறது. பொழுது போகாமல் புரட்டியதில் பாதி மனப்பாடம். விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். மதிப்பெண் போதுமானதற்கு மேலேயே இருந்தது. ஒரே ஒரு நட்சத்திரக் கேள்வியில் தவறியிருந்தான். சுற்றிலும் மண்ணை நீக்கி, கண்ணிவெடி முழுதாகக் கண்ணில் பட்ட பிறகு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. அடியில் இன்னொன்று வைத்திருக்கிறார்களா என்று பார்க்காமல் அதை அசைக்கவே கூடாது. அவன் "மெதுவாகத் தூக்கி எடுக்க வேண்டும்" என்ற வட்டத்தை நிரப்பியிருந்தான். தயங்கித் தயங்கி நிரப்பியதாகத் தெரியவில்லை. நல்ல அழுத்தமாக, உறுதியாக இருந்தது.

அதை அழித்துவிட்டுச் சரியான வட்டத்தை நிரப்பினேன். அழித்த துகளை ஊதிவிட்டு, உறைக்குள் போட்டு, பசை எடுத்து ஒட்டினேன். மூடியில் பாதியும் உறையில் பாதியுமாக அவன் கையெழுத்து மயிரிழை பிசகாமல் பொருந்தி உட்கார்ந்தது.

ஒரு குடும்பத்துக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆள் தேறுவான், பதவி உயரும், ஒரு வருடம் களத்தில் இருந்துவிட்டு வருவான். அதற்குள் சைக்கிள் கடைப் பேச்சு அடங்கிவிடும். ஒரு வட்டம்தானே.

வாழ்த்து வந்த அன்று அவன் என் காலைத் தொட வந்தான். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். தங்கச்சி அழுதாள். சந்தோஷமா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. "வேலை முடிஞ்சு வந்தா இவருக்குக் கண் எரியும்ணா. நான்தான் பாடத்தையெல்லாம் வாசிச்சுக் காட்டினேன். ஒரு பாடத்தை மட்டும் வாசிக்க மாட்டேன்னு மூடி வச்சிட்டேன். வெடியைக் கையால தூக்கி எடுக்கற பாடமாம், படிக்கவே பயமா இருந்துச்சு. அதையும் இவரே எப்படியோ படிச்சுத் தேறிட்டாரே" என்றாள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு, "அதை நான் படிக்கவே இல்ல, குத்துமதிப்பாப் போட்டேன்" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அவனோடு களத்தில் இருந்தவர் துக்கம் கேட்க வந்தபோது என்னிடமும் சொன்னார். சின்ன தூரிகையால் சுற்றிலும் மண்ணைப் பொறுமையாகத் துடைத்தானாம். பின்னால் நின்றவர்களைத் தள்ளிப்போகச் சொன்னானாம். அப்புறம் இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கினானாம். "இவ்வளவு பதமா செய்யுற ஆள் எப்படி சார் இதைப் போய் மறந்தான்?" என்று அவர் கேட்டார். அவன் மறக்கவில்லை. தேறிவிட்டதால் தான் போட்ட விடை சரி என்று நம்பி அதை அப்படியே செய்தான். அதனால்தான் சொல்கிறேன், கவனக்குறைவு என்று எழுதாதீர்கள். அப்படி ஒரு கவனமான ஆளை நான் பார்த்ததில்லை.

தங்கச்சி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். சுவரோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருக்கிறாள். முந்தாநாள்தான் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"நான் அந்தப் பாடத்தை வாசிச்சுக் காட்டியிருந்தா இவர் இருந்திருப்பார் இல்லண்ணா?"

அந்தப் பழியை அவள் சுமக்கக் கூடாது என்று, "அப்படியெல்லாம் இல்லம்மா. அந்தக் கேள்விக்கு அவன் சரியாத்தான் எழுதியிருந்தான்" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். "ஒட்டின உறைக்குள்ள என்ன எழுதியிருந்தார்னு உனக்கு எப்படித் தெரியும்ணா?" என்று கேட்டாள்.

தலைமையகத்தில் விசாரித்தேன் என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நான் வைக்கிற சாப்பாட்டைத் தொடுவதும் இல்லை.

நீங்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். விடைத்தாளைத் திருத்தியது குற்றம் என்று எழுதியிருப்பீர்கள். அது சின்னக் குற்றம். அதற்கு நானே ஒரு நூறு சமாதானம் வைத்திருக்கிறேன். அவன் நன்மைக்கு, அவள் நன்மைக்கு, ஒரே ஒரு வருடத்துக்கு. இன்னொன்று இருக்கிறது. அதை இங்கே வரும்வரை எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அவன் கிளம்பிய அன்று காலை வண்டி ஏற்றிவிட நானும் தங்கச்சியும் போயிருந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தான். "மச்சான், ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க. அங்க போனா போன்கூடக் கிடைக்காதாம்" என்றான்.

எடுக்கும் முன்னால் அடியில் பார் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. விடைத்தாளைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை. படிக்கவே இல்லை, குத்துமதிப்பாகப் போட்டேன் என்று எல்லோர் முன்னாலும் அவனே சொல்லியிருந்தானே. வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. தங்கச்சி ஜன்னல் கம்பியின் மேல் இருந்த அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "வந்ததும் ஊருக்குப் போயிடலாம், சரியா?" என்று அவன் அவளிடம் மெதுவாகச் சொன்னான். அவள் சரி என்றாள்.

"உடம்பைப் பார்த்துக்கோ மாப்ள" என்றேன். வண்டி கிளம்பிவிட்டது.

அவசரத்தில் மறந்துபோனேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எதையும் மறக்கிறவன் இல்லை. அவன் திரும்பி வரக் கூடாது என்றுதான் சொல்லாமல் நின்றேன்.