கொடியில் நீலப் போர்வை

— இருக்கட்டும் டாயில், ரேடியோவை அணைக்காதே. உன் பாட்டுதானே, நானும் கேக்கறேன்.

— காலங்காத்தால எதுக்கு வெர்னா? பத்து நாளா ஊர் ஊரா இதையே பாடிட்டு இப்பதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கேன். சூடா ரெண்டு சோள ரொட்டி போடு, போதும்.

— போடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. பாட்டுல, புருஷன் ஊர்ல இல்லன்னா, கொடியில நீலப் போர்வையைக் காயப் போட்டு இன்னொருத்தனுக்குச் சேதி சொல்றாளே, அவ யாரு?

— யாரும் இல்ல. சும்மா கட்டி விட்டது.

— போன மாசம் மெம்பிஸ் ரேடியோவுல, ரயில்ல ஒரு கிழவி சொன்ன கதைன்னே. நேத்து நாக்ஸ்வில்லுல, உன் செத்துப்போன சித்தப்பா வீட்டுல நடந்ததுன்னே. கிழவியா, சித்தப்பாவா?

— இங்க பாரு, பாட்டுக்குப் பின்னாடி என்ன கதைன்னு போற இடமெல்லாம் கேக்கறாங்க. வாய்க்கு வந்ததைச் சொல்றேன்.

— வாய்க்கு வந்தது சரி. மனசுல இருக்கறது எது?

— நீலப் போர்வை இல்லாத வீடு டென்னசியில ஏது? நம்ம வீட்லயே ஒண்ணு இருக்கு.

— போர்வையை விடு. கல்யாண மோதிரத்தைக் கழட்டி உப்பு டப்பாவுல புதைச்சிட்டுத்தான் பின்வாசலைத் திறக்கறா. இது உக்காந்து யோசிச்சா வராது. கூட இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

— சும்மா ஒரு வரி, வெர்னா.

— கிறிஸ்துமஸ் வாழ்த்துல நாலு வரி எழுத என்னைக் கூப்பிடற ஆளு நீ. உனக்கு உப்பு டப்பா எங்கேருந்து வந்துச்சு? யார் சொன்னா?

— நான் எவ வீட்டுக்கும் போகல. உங்கப்பா பைபிள் மேல கை வெச்சுச் சொல்றேன்.

— பைபிளை ஏன் இழுக்கற? யார் சொன்னான்னு மட்டும் சொல்லு.

— வெளிய விடமாட்டியே?

— இத்தனை வருஷத்துல எதை வெளிய விட்டிருக்கேன்?

— அந்தப் பாட்டு நான் எழுதல.

— என்னது?

— விலைக்கு வாங்கினது. நாஷ்வில்ல பாட்டுக்காரங்க பாதிப் பேரு பண்றதுதான். இல்லாதவன் விப்பான், வாங்கினவன் தன் பேரைப் போட்டுக்குவான். வித்தவன் செத்தாலும் வாய் திறக்கக் கூடாது, அதான் பேச்சு. வெக்கமாத்தான் இருக்கு. ஆனா பொம்பளை சமாச்சாரம் எதுவும் இல்ல. இப்ப நம்பறியா?

— வித்தது யாரு?

— ஹாலிஸ்தான். நம்ம கூட ஸ்டீல் கிடார் வாசிச்சானே. ஊர் சுத்தற பொழைப்பு ஒத்துக்கலன்னு போன வசந்தத்துல ஊரோட நின்னுட்டான்ல.

— ஹாலிஸா. உன்கிட்டயே வித்தானா.

— ஏன், நம்ம ஆளுதானே. பாவம், காகிதத்தைக் கொடுக்கறப்போ என் மூஞ்சியைக்கூடப் பாக்கல.

— இது யாரு கதைன்னு சொன்னானா?

— நான் கேக்கல. கேக்கற வழக்கமும் இல்ல. ஏன் மூஞ்சி வெளுத்துப் போச்சு? உக்காரு. நான் தப்புப் பண்ணலன்னு இப்ப தெரிஞ்சுதுல்ல?

— தெரிஞ்சுது. மூணு மாசமா வேற ஒண்ணு நெனச்சுச் செத்துக்கிட்டிருந்தேன். உனக்கு எல்லாம் தெரியும், மேடை போட்டு நீ என்னைக் குத்திக் காட்டறேன்னு.

— உன்னை நான் எதுக்குக் குத்திக் காட்டணும்?

— எத்தனை சரணம் கொடுத்தான்?

— மூணு. பாட்டே மூணுதானே.

— நாலு, டாயில். நாலாவதுலதான் என் பேரு வரும்.