முப்பத்தாறு இஞ்ச் மேடை

இல்ல தீபா, நான் விளையாடல. முப்பத்திரண்ட அடிச்சுட்டு முப்பத்தாறுன்னு போடுங்க. சமையல் மேடை உயரம்தான், வேற என்ன? நாலு இஞ்ச் ஏத்தச் சொன்னதுக்கா மூஞ்சி இப்படிப் போகுது? என் வீட்டுக்காரி ஷீலா மேடம் போன வாரம் முப்பத்திரண்டு போதும்னு சொல்லிட்டுப் போனது தெரியும்மா. பக்கத்துல நான்தானே குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஸ்கூல் முடிச்சு வந்து அவ கையெழுத்துப் போட்டுட்டா, நாளைக்கு பலகைய வெட்ட அனுப்பிடுவீங்க. மேல கிரானைட்டும் உக்காந்துடுச்சுன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. அதான் நாலு மணிக்கே உங்க ஷோரூமுக்கு ஓடி வந்தேன்.

ஏனா? கீழ இடம் கொஞ்சம் ஜாஸ்தி கிடைக்குமேன்னுதான்.

நம்பலையா? சரி விடுங்க, அத அப்புறம் பாப்போம். மத்ததக் காட்டுங்க. ரெண்டு லட்சத்துக்கு மேல போகக் கூடாதுன்னு மேடம் கறாரா சொல்லிட்டாங்க, நீங்க ரெண்டே முக்கால்ல நிக்கிறீங்க. நான் இறக்கித் தரேன்.

இது என்ன, ஸ்பூன் தட்டா? ஃபோர்க்குக்கு தனிக் குழி, கத்திக்கு தனிக் குழி. இந்த சேலையூர்ல எந்த வீட்டுலம்மா இத்தன ஃபோர்க் வச்சிருக்காங்க? எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. அத வச்சு ஷீலா மிக்ஸி ஜார்ல ஒட்டினதச் சுரண்டுவா. தட்ட எடுத்துடுங்க. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி எதுக்கு? கப்பு அடுக்கவா? எங்ககிட்ட இருக்கறதே ஆறு கப்பு, அதுல ரெண்டுக்கு காது கிடையாது. அத லைட்டு போட்டு ஊருக்கே காட்டணுமா? அதுவும் வேணாம். மூலையில சுத்துற தட்டு... உங்க ஷோரூம்ல நல்லா சுத்தும்மா. எங்க வீட்டு அரிசி டப்பாவ வச்சுப் பாருங்க, அங்கயே தவம் பண்ணும். வெறும் ஷெல்ஃப் போடுங்க.

அதுல மிச்சமாகறத சிங்குக்குக் கீழ போடுங்க. அங்க மட்டும் வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட்தான் வேணும். தூள அமுக்கிச் செஞ்ச பலகைய அங்க வைக்காதீங்க, ஒரு மழைக்காலம் தாங்காது, ஊதிடும். லாஃப்ட்டுக்கு வேணா சாதாப் பலகையே போதும். கல்யாணத்துக்கு வந்த பாத்திரம்தானே அங்க தூங்கப் போகுது. கிரைண்டர எதுக்கு இழுக்கற தட்டு மேல வரஞ்சிருக்கீங்க? ஓட ஆரம்பிச்சா தட்டு டான்ஸ் ஆடும். தரையிலயே இடம் விடுங்க. அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவுல ரெண்டடியாவது காலியா இருக்கணும். இடது பக்கம் கழுவின காய், நடுவுல பலகை, வெட்டினத அப்படியே வலது கையால சட்டியில தள்ளணும். திரும்பற வேலையே இருக்கக் கூடாது.

எப்படித் தெரியுமா? யூட்யூப்தான். அட, நான் கத்தார்ல ஸ்டோர் சூப்பர்வைசரும்மா. இருபத்திரண்டு வருஷம். திரும்பி வந்து எட்டு மாசமாச்சு.

மறுபடியும் அங்கயே வரீங்களே. வீட்டுல யார் சமைக்கிறாங்களோ அவங்க உயரத்துக்குத்தான் மேடை. சரி. ஷீலா அஞ்சடி. முப்பத்தாறு போட்டா ஸ்டூல் மேல ஏறித்தான் தோச சுடணும். ஒத்துக்கறேன். ஆனா அவ எங்க சுடப் போறா? ஜூன்ல இருந்து ஹெட்மிஸ்ட்ரஸ். காலைல ஆறே முக்காலுக்கு வண்டிய எடுத்தா வெளிச்சம் போனப்புறம்தான் பல நாள் வீடு. ஒண்ணாந்தேதில இருந்து சமைக்க ஒரு அம்மாவ ஏற்பாடு பண்ணிட்டா. ராஜகீழ்ப்பாக்கத்துல இருந்து வராங்களாம். அவங்க உயரமா? எனக்கெப்படிம்மா தெரியும், அவங்கள வரவேணாம்னு சொல்லத்தானே போறேன்.

என் உயரம் அஞ்சடி பதினொண்ணு. எழுதிக்கோங்க.

சிரிங்க, சிரிங்க. ஸ்டோரெல்லாம் இல்லம்மா. லேபர் கேம்ப் மெஸ்ஸு. நானூறு பேருக்கு மூணு வேள. அங்க அடுப்பு முட்டி உயரம், குனிஞ்சு குனிஞ்சு கிளறி இடுப்பு போயிடுச்சு. முப்பத்திரண்டுலயெல்லாம் இனிமே நிக்க முடியாது. ஆனா கை இன்னும் சும்மா இருக்க மாட்டேங்குது.

மேடம் குடுத்து வச்சவங்களா? மேடத்துக்குத் தெரியாதும்மா.

பொண்ணு பாக்கப் போனப்ப எங்க சித்தப்பா சூப்பர்வைசர்னு சொல்லிட்டார். டீச்சர் பொண்ண சமையல்காரனுக்குக் குடுப்பாங்களா? நானும் கேசரியையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன். அப்புறம் இன்னிக்கு சொல்லலாம், அடுத்த லீவுல சொல்லலாம்னு... நம்புவீங்களா, இருபது வருஷம் லீவுல வந்து ஹால்லயே உக்காந்து பேப்பர் படிச்சேன். ஷீலா வெங்காயம் வெட்டி நீங்க பாத்ததில்லையே. ஒரு துண்டு படகு, ஒரு துண்டு துடுப்பு. பாதி வேகும், பாதி கருகும். பல்லக் கடிச்சுக்குவேன். வாயத் தொறந்தா, உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம் தெரியும்னு கேப்பாளே. இப்பவும் அவ கிளம்பினப்புறம்தான் சமைக்கிறேன். தின்னுட்டு, பாத்திரத்தக் கழுவித் தொடச்சு எடுத்த இடத்துல வச்சுட்டு, ஜன்னலத் தொறந்து விட்டுடுவேன், திருட்டு தம்மு அடிக்கிறவன் மாதிரி. ஒரு நாள் மீன் கொழம்பு வாசன போகல, பக்கத்து வீட்டு ரத்தினபாய் அக்கா மேல பழியப் போட்டேன்.

ஒரு வேளையாவது அவளுக்கு சூடா ஆக்கிப் போடணும்மா. நான் ஆக்கினதுன்னு தெரிஞ்சு அவ சாப்பிடணும். அவ்வளவுதான்.

அதோ வந்தாச்சு. வண்டிய நிறுத்துறா. ஹெல்மெட்டோடயே உள்ள வருவா பாருங்க. அழிக்காதீங்க, முப்பத்தாறு அப்படியே இருக்கட்டும், அவளே படிச்சுட்டு ஏன்னு கேக்கட்டும். நான் சொல்லிக்கறேன்.

எங்க எந்திரிக்கிறீங்க? டீ அப்புறம் குடிக்கலாம், உக்காருங்கம்மா. நீங்க எதிர்ல இருந்தா அவ சத்தம் போட மாட்டா.