மோட்டார் ஒயரில் கேட்ட மூச்சு

என் பெயர் எர்னஸ்ட், வயது 53. சித்தூரில் குடியிருக்கிறேன். தனியார் கல்லூரி ஒன்றில் அலுவலகக் கண்காணிப்பாளர். ஆலயப் பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடி வருகிறேன். தெலுங்கு பேசுவேன், எழுத வராது. ஆகையால் நான் தமிழில் சொல்லச் சொல்ல, நகரிக்காரரானதால் தமிழ் எழுதத் தெரிந்த ஏட்டு தரணி தமிழிலேயே எழுதிக்கொள்கிறார். இன்று காலை இதே காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்னதை மாற்றிச் சொல்லவே வந்திருக்கிறேன்.

திருப்பதியில் இருக்கும் பிரபாகர் என் நண்பர். பாட்டுக் கேட்பதற்கென்றே வீட்டில் ஓர் அறை வைத்திருக்கிறார். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரை மாற்றினால் பாட்டின் குணமே மாறும் என்பது எங்கள் இருவரின் நம்பிக்கை. அதற்காக வெளிநாட்டிலிருந்து மூன்று வகை ஒயர் வரவழைத்திருந்தார். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண்ணைத் துண்டால் கட்டி, துண்டு பெரிதானபடியால் மூக்கும் சேர்ந்து மூடிக்கொள்ள, ஒரே நாதஸ்வர இசைத்தட்டை மூன்று ஒயரிலும் மாற்றி மாற்றிப் போட்டார். முதல் ஒயரில் நாதஸ்வரம் நேற்றைய ரொட்டி போல வறண்டிருக்கிறது என்றும், இரண்டாவது காதைக் கீறுகிறது என்றும் சொன்னேன். மூன்றாவதற்கு, "பிரபா, வாசிக்கிறவரு மூச்சு வாங்குறதே கேக்குதுப்பா" என்றேன். அவர் கண் கலங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதன்பின் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னைத் தங்கக் காது என்று அழைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

அதன்பின் கடந்த ஞாயிறு அங்கே போனேன். போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தால்தான் தங்கக் காதுக்கு மரியாதை. அன்று எதுவும் தோன்றாததால், சத்தம் மெலிந்திருக்கிறது, ஒயரை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிரபாகர் பதறி மூன்றாவது ஒயரின் கருப்பு உறையைக் கத்தரித்தார். உள்ளே, வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்குப் போட்டு மிஞ்சிய சாதாரண ஒயர் இருந்தது. நான் விட்ட புளுகு பலித்துவிட்டது. உண்மையைச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் பிரபாகர் என் காலைத் தொட்டுவிட்டார்.

அதன்பின், அதற்கு முந்தைய வியாழக்கிழமை அந்த அறையில் பிளக் மாற்றிய எலக்ட்ரீஷியன் திருமலை மீது, அசல் ஒயரைத் திருடிவிட்டதாகப் புகார் கொடுத்தார். இன்று காலை திருமலையைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். அந்த வியாழன் வரை அசல் ஒயர்தான் இருந்தது, என் காதே சாட்சி என்று சொன்னேன். திருமலை, "அக்காவக் கேளுங்க சார்" என்றதோடு சரி. நாளை அவருக்கு வடமாலபேட்டையில் நிச்சயதார்த்தம். நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர்தான் மணப்பெண்ணின் தாய்மாமன். அவர் இரண்டு முறை டீ கொண்டுவந்தார், இரண்டு முறையும் திருமலை உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தபடியே திரும்பிப் போனார்.

அதன்பின் பதினொரு மணிக்குப் திருமலை அக்கா என்று சொன்ன, பிரபாகரின் மனைவி ஸ்வர்ணலதா பிஸ்கட் டப்பா ஒன்றுடன் வந்தார். திறந்தால் அசல் ஒயர், துண்டு துண்டாக.

"டிசம்பர்லயே எலி துன்னுட்ச்சி சார். தெரிஞ்சா இவரு சோறு துன்னமாட்டாரு. நான்தான் திருமலையக் கூப்ட்டு மோட்டார் ஒயர அந்த உறைக்குள்ள போடச் சொன்னேன்" என்றவர், என் பக்கம் திரும்பி, "நீங்க மூச்சு கேக்குதுன்னீங்களே எர்னஸ்ட் அண்ணா, அது மோட்டார் ஒயருதான். சிரிப்ப அடக்கிக்கினு காபி போட ஓடிட்டேன்" என்றார்.

நின்றிருந்த நான் திருமலை பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் தள்ளி இடம் கொடுத்தார். பிரபாகர் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப அந்த மூச்சு யாருதுடா?" என்று கேட்டார். கண்ணைக் கட்டிய துண்டுக்குள் மூச்சு விட்டது நான் ஒருவன்தான் என்பதை இப்போது தெரிவித்துக்கொள்கிறேன்.

திருமலை எதையும் திருடவில்லை. காலையில் நான் சொன்னது பொய். ஒரு ஒயருக்கும் இன்னொரு ஒயருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. இதை எதிர் டீக்கடையிலும் நானே போய்ச் சொல்வேன்.

மேற்கண்டதை ஏட்டு எனக்குப் படித்துக் காட்டினார். காதால் கேட்டேன். அது போதாது என்று தோன்றியதால் தாளை வாங்கிக் கண்ணாலும் ஒருமுறை படித்து, அனைத்தும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
எர்னஸ்ட்