ஒரு பக்கமா உக்காரு தம்பி

அட, அப்டி இல்ல தம்பி. ரெண்டு காலையும் இந்தாண்ட போட்டுகினு ஒரு பக்கமா உக்காரு. பொம்பளைங்க உக்கார்றாங்கல்ல, அதேதான். சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான் வுடு. லிஃப்டு கேட்டது நீயா நானா? ஆங், அப்டி. கால அந்தக் கம்பி மேல வை. இந்தா, ஹெல்மெட்ட மாட்டிக்க. புதுசு, ஸ்டிக்கர பிச்சிடாத. எத்தினி கிலோ நீ? பையில்லாம, ஆளு மட்டும். அறுவத்தெட்டா? கரெக்டா கீது. போலாமா?

இன்னாது, ரொம்ப மெதுவா போறேனா? அந்த சைக்கிள்காரன் நம்மள தாண்டிட்டான்னா போவட்டும், அவனுக்கு இன்னா அர்ஜென்ட்டோ. மாபலிபுரம் எங்கியும் ஓடிடாது. பயப்படாத, நான் இன்னா நேத்து லைசென்ஸ் எடுத்தவனா? முப்பது வருசமா ஓட்றேன்.

போன்ல ஒருத்தன் சொல்லித் தரான், கண்ணு எங்க போவுதோ வண்டி அங்க போவுமாம். அதனால லாரிய பாக்காதன்றான். எதுர்ல வர்ற லாரிய பாக்காம அவன் மூஞ்சியயா பாப்பாங்க? அவனுக்கு நாலு லட்சம் பேரு லைக்கு.

ஒரு பக்கமா எதுக்குன்னு கேக்கறியா? என் சம்சாரம் வசந்தா அப்டிதான் உக்காருவா. அவள கூட்டினு வரத்தான் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு வெயிட்டு பின்னாடி அப்டி உக்காந்தா வண்டி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாத்துக்கலாம்னு. அவ உன்னிய விட ரெண்டு கிலோ ஜாஸ்தி. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாத.

நீ இந்த ஊரு இல்லல்ல? அதான் என்னியத் தெரில. எங்க தெருவுல கேட்டுப் பாரு, பொண்டாட்டிய வுட்டுட்டு வந்தவன்தானேம்பாங்க. போன ஆடியில அவ அக்கா வூட்ல விருந்து. முடிச்சிகினு திரும்புறோம். அவ அக்கா புருசன் சாம்பார்ல உப்பு இல்லன்னதப் பத்தி நான் பேசிகினே வரேன். அவ பதிலே பேசல. பேச மாட்டா, எப்பவுமே அப்டிதான், எங்க வூட்ல நான்தான் ரேடியோ. பெட்ரோல் பங்க்குல நிறுத்தி, எறங்கு வசந்தான்றேன். பெட்ரோல் போட்றவன் கேக்கறான், யார அண்ணாத்த எறங்கச் சொல்றன்னு.

சிரி சிரி. ஊரே சிரிச்சிது, நீ மட்டும் இன்னா பாவம் பண்ண. பூஞ்சேரி தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரு, பெயின்ட்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது. அங்கியே வுழுந்துட்டா. திரும்பிப் போறேன், ரோட்டோரமா உக்காந்துகினு கீறா. என்னியப் பாத்து, வந்துட்டியான்னா. அவ்ளோதான் கேட்டா. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

இடுப்பு எலும்பு. பிளேட்டு வெச்சாங்க. அக்கா வூட்லதான் வெஸ்டர்ன் டாய்லெட்டு கீது, அதனால அங்கியே தங்கிட்டா. நானும் ஒண்ணு கட்டிட்டேன் இப்ப, டைல்ஸ் போட்டு, மகாராணி மாதிரி உக்காரலாம். பஸ்ல போய்ப் பாத்துட்டு வருவேன். போறப்பெல்லாம் ஒரே கேள்வி, இன்னாய்யா, வண்டி ஓட்றியான்னு. ஓட்றேன் ஓட்றேன்னுவேன். நேத்து போன் பண்ணி, வந்து கூட்டினு போன்னா. ஆட்டோ பேசட்டான்னேன். ஆட்டோல வந்தின்னா நான் வரமாட்டேன், வண்டிலதான் வருவேன்னுட்டு வெச்சிட்டா.

ஏய், தோளப் புடி, ஆடாத. அதோ அந்த ஸ்பீடு பிரேக்கருதான். நிறுத்திட்டுத்தான் ஏத்துவேன், பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் சரி. பின்னாடி கீறியா? கீற. நல்லது.

எறங்கிக்க, அவ அக்கா வூடு இந்தத் தெருதான். பஸ் ஸ்டாண்டு நேரா போனா வந்துரும். ஹெல்மெட்ட குடு. அவ்ளோ மெதுவா ஏன் வந்தேன்னு கேட்டல்ல? அன்னிக்கி பங்க்குலேந்து திரும்பி வந்து நிறுத்தின வண்டி தம்பி, இன்னிக்கி காலீலதான் வெளிய எடுத்தேன். நீதான் மொத ஆளு. கோச்சிக்காத, முன்னாடியே சொல்லியிருந்தா ஏறியிருப்பியா?

அதோ கேட்டாண்ட பையோட நிக்கிறா பாரு, பச்சப் பொடவ. சிரிக்கிறா. அவளுக்கு ஒரு பயமும் இல்ல. எல்லாம் எனக்குதான்.

தம்பி, ஒரு ஒதவி பண்ணு. அவ ஏறி உக்கார்ற வரைக்கும் இங்கியே நில்லு. நாங்க அந்த முக்குல திரும்புற வரைக்கும் பாத்துகினே இரு. பின்னாடி ஆளு இல்லன்னா, ஒரு சத்தம் குடு.